தைலம்மாள் கொடுக்காத இலை

கல்வராயன் மலை
8-6-87

அன்புள்ள அக்கா தைலம்மாளுக்கு, தங்கை பச்சையம்மாள் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரரும் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? மாமா இட ஒதுக்கீட்டுக் கூட்டம், சங்கக் கூட்டம் என்று ஊர் ஊராக அலைகிறாராமே, வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

லீவு முடிந்து ராதிகாவை உன்னிடம் பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் என்னோடு இருந்தாள் என்றுதான் பேர். கள்ளக்குறிச்சிச் சந்தையிலிருந்து கரிசலாங்கண்ணி வாங்கிவரச் சொல்லிப் பொரியல் செய்து போட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "எங்கம்மா செஞ்சா இப்டி கசக்காது மலையம்மா" என்றாள். எங்கம்மா என்றது உன்னை. மலையம்மா என்றது பெற்றவளை. சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப்போய்க் கழுவினேன்.

எழுத வந்தது வேறு விஷயம். நாங்கள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தைப் பத்தாவது வரைக்கும் உயர்த்திவிட்டார்கள். மூத்தவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பயத்தில்தான் இவளை மூன்று வயதில் உன்னிடம் விட்டேன். அப்போது மலைக்கு ரோடும் கிடையாது, டாக்டரும் கிடையாது. இப்போது எல்லாம் வந்துவிட்டது. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவளை இங்கேயே சேர்த்துவிடலாம் என்கிறார் அவர். நீ என்ன சொல்கிறாய்?

மாமாவைக் கேட்டதாகச் சொல்லு.

உன் தங்கை,
பச்சையம்மாள்

*

வடக்கனந்தல்
20-6-87

அன்புள்ள பச்சையம்மாளுக்கு, அக்கா சொல்லச் சொல்ல ராதிகா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இடுப்பு வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கீரை கசந்தது என்று எழுதியிருந்தாய். கசக்காமல் என்ன செய்யும்? வெள்ளைப் பூ பூக்கிறதை வாங்கி வதக்கியிருப்பாய். பொரியலுக்கு மஞ்சள் பூ பூக்கிற கரிசலாங்கண்ணிதான். பாசிப்பருப்பை அரைவேக்காடாக வேகவைத்துக்கொண்டு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, கீரையைப் பொடியாக அரிந்து போட்டு, இறக்கும்போது ஒரு கை தேங்காய்த் துருவல். வெள்ளைப் பூ மருந்துக்கு. மிஞ்சிப்போனால் உளுந்தும் புளியும் வைத்துத் துவையல் அரைக்கலாம். அம்மாவிடம் நீயும்தானே பார்த்தாய். அந்தக் காலத்தில் அடுப்படிக்கு வந்திருந்தால்தானே தெரியும்.

எங்கள் வாய்க்கால் வரப்பில் இப்போது காடாக மண்டிக் கிடக்கிறது. ராதிகா தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பறித்துக் கொடுக்கிறாள். மலையில் அதற்கு ஈரம் பற்றாது, நீ விதை கேட்டாலும் பிரயோஜனம் இல்லை.

மஞ்சள் காமாலைக்கு இலை வாங்க இந்த மாதம் பதினோரு பேர் வந்து போனார்கள். கருணாபுரத்திலிருந்துகூட ஒருத்தன் வந்தான். "உங்க கைராசி வேற யாருக்கும் வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு அக்கா தைலம்மாள்

(மலையம்மா, இது ராதிகா. அடுப்படி பற்றிய வரியை விட்டுவிடலாம் என்று சொன்னேன். அம்மா விடவில்லை.)

*

கல்வராயன் மலை
5-7-87

அக்காவுக்கு, பச்சையம்மாள். சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பருப்பு எவ்வளவு வேக வேண்டும் என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அடுப்படிக்கு வரவில்லைதான். அம்மா உன்னைத்தான் கூப்பிட்டாள். இலை கொடுக்கிற கையையும் உனக்குத்தான் கொடுத்தாள். வீட்டையும், வரப்பையும், ஊர்ப் பேரையும் நீதான் வைத்திருக்கிறாய். நான் எதையும் கேட்டதில்லை. என் மகளைத்தான் கேட்கிறேன்.

மனதில் உள்ளதை எழுதிவிடுகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது அக்கா. அவள் தலைமுடி உன் எண்ணெயில் வளர்ந்தது. தூக்கத்தில் புரண்டு படுத்தால் "அம்மா" என்கிறாள், அது நான் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. லீவில் முப்பது நாளும் பக்கத்தில் படுத்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை அவளைப் படிக்கச் சொல்லாதே. நீயே எழுத்துக்கூட்டிப் படி.

பச்சையம்மாள்

*

வடக்கனந்தல்
10-8-87

அன்புள்ள பச்சையம்மாளுக்கு, உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. ஆடி மாத வேலை, கை ஒழியவில்லை. சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ராதிகாதான் எழுதுகிறாள்.

எண்ணெய் காய்ச்சியிருக்கிறேன். கரிசலாங்கண்ணிச் சாறும் தேங்காய் எண்ணெயும் சரிபாதி, சடசடப்பு அடங்குகிற வரைக்கும் அடுப்பை விட்டு நகரவில்லை. கண் மையும் போட்டேன். வெள்ளைத் துணியை அந்தச் சாற்றில் முக்கி நிழலில் உலர்த்தித் திரி திரித்து, விளக்கெண்ணெயில் ஏற்றிப் புகை பிடித்தது. ராதிகா வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் டீச்சரே கேட்கிறார்களாம், "எந்தக் கடைல வாங்கினடி?" என்று. உனக்கும் ஒரு சிமிழ் அனுப்பலாம் என்று பார்த்தேன், பஸ்ஸில் உடைந்துபோகும்.

உன் மாமா வீட்டில் தங்குவதே இல்லை. அடுத்த மாதம் ஒரு வாரம் பஸ், லாரி எதையும் விடாமல் சாலை மறியல் என்கிறார்கள்.

கேட்ட விஷயத்துக்குப் பதில் அப்புறம் எழுதுகிறேன்.

தைலம்மாள்

(மலையம்மா, ராதிகா எழுதுகிறேன். போன கடிதத்தை அம்மா என்னிடம் காட்டவில்லை. அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தார்கள். நான் படித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குப் பொரியல் அவ்வளவு கசப்பு இல்லை.)

*

வடக்கனந்தல்
16-9-87

பச்சையம்மாளுக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் நல்லா இருக்கோம். ராதிகாவும் நல்லா இருக்கா. பரிச்சைக்குப் படிக்கிறா அதான் நானே எழுதுறேன். நாளையிலிருந்து மறியல். பஸ் ஓடாது. நீ கிளம்பி வர வேண்டாம். ரோடு முழுக்க மரம் வெட்டிப் போடப் போறாங்களாம். மாமா போயிட்டார். நீ வர வேண்டாம்.

தைலம்மாள்

*

கல்வராயன் மலை
20-9-87

அக்கா,

உன் கடிதம் மறியலுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டது. உறையைப் பிரித்ததும் எழுத்தைத்தான் பார்த்தேன். நீ எழுதிய எழுத்து. என் கல்யாணத்துக்குப் பிறகு உன் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு நாலு வரி எழுத நேரம் இருக்காதா? வர வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய்.

நேற்று இரவல் அரிவாளைத் திருப்பிக் கொடுக்க எங்கள் பக்கத்து வீட்டு வேடியப்பன் உன் ஊர்ப் பக்கம் நடந்து போய் வந்தான். வந்ததும் வராததுமாக, "இன்னாங்க டீச்சரம்மா, உங்க பொண்ணு கண்ணு ரெண்டும் மஞ்சளாக் கெடக்குதே, தெரியாதா?" என்று கேட்கிறான்.

எத்தனை நாளாக அக்கா? இலை கொடுத்தாயா? ஊருக்கெல்லாம் கொடுக்கிறவள், மூன்று காலையில் எழுப்பி உட்காரவைக்கிறவள், நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்திருப்பாய்தானே? அப்புறம் ஏன் மறைத்தாய்?

நானும் ஒன்றை மறைத்துவிட்டேன். எனக்கு ஏழு மாதம். இரண்டு முறை ரத்தம் பட்டதால் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் தவழ்ந்தாவது வந்திருப்பேன். வீட்டுக்காரர் சேலம் பக்கம் பயிற்சிக்குப் போனவர் மறியலில் மாட்டிக்கொண்டார். வேடியப்பன் திரும்பவும் நடக்கிறேன் என்றான். அவனிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவனிடமே கொடு.

பச்சையம்மாள்

*

வடக்கனந்தல்
21-9-87

பச்சை,

வேடியப்பனுக்குச் சோறு போட்டுவிட்டு எழுத்துக்கூட்டி நானே எழுதுகிறேன்.

ஏழு மாதம். எவனோ வழிப்போக்கன் கொண்டு வருகிற கடிதத்தில் நான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? இதற்குத்தான் பெண்ணை மலைக்குக் கூப்பிட்டாயா, பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஏணை ஆட்டவா? உனக்கு இன்னொன்று வருகிறது. எனக்கு இருக்கிறது ஒன்று. அந்த ஒன்றும் உனக்கே வேண்டும். வயிறு எரிகிறது பச்சை. எரிகிறது என்றுதான் எழுதுவேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ராதிகாவுக்குக் கண் மஞ்சளித்து ஆறு நாள் ஆகிறது. நான் இலை கொடுக்கவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியாதா? நம் அண்ணன் சின்னக்கண்ணுவுக்குக் காமாலை வந்தபோது அம்மா என்ன செய்தாள்? ஊருக்கே இலை கொடுத்தவள், அவனுக்குக் கொடுக்காமல் மணலூர்பேட்டையில் இலை கொடுக்கிற பாப்பாத்தி வீட்டுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள். "பெத்தவ கை பெத்த புள்ளைக்குப் பலிக்காது, குடுத்தா கையும் போவும் புள்ளையும் போவும்" என்று சொல்லித்தானே எனக்கு இந்தக் கையைக் கொடுத்தாள்.

அப்புறம் நான் எப்படிக் கொடுப்பேன்? பதினோரு வருஷம் என் மடியில் கிடந்தவளுக்கு, எவளோ பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி நெல்லிக்காய் அளவு உருட்டி ஆட்டுப்பாலில் கலக்கிக் கொடுத்தால், இவள் என் பிள்ளை இல்லை என்று நானே என் வாயால் சொன்ன மாதிரி ஆகாதா?

பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் வந்து கத்திவிட்டுப் போனாள். "நீ பெத்தியாடி? பத்து மாசம் சொமந்தியா? குடுடி மொதல்ல" என்றாள். விளக்குமாற்றை எடுத்துவிட்டேன்.

மணலூர்பேட்டைக்கே கொண்டுபோகலாம் என்று வண்டி கட்டினேன். கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரத்தை அறுத்துக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அறுத்ததாகத்தான் இருக்கும். சுற்றிப்போகப் பார்த்தால் அந்தப் பக்கமும் மரம். ராதிகா வண்டியில் வாந்தி எடுத்தாள். திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் அந்த ரோட்டில்தான் போக வேண்டும். மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

உப்பில்லாக் கஞ்சியும் மோரும் மட்டும் கொடுக்கிறேன். அதுவும் இன்று நிற்கவில்லை. இலை வரப்பில்தான் இருக்கிறது. பத்தடி தூரம். தினம் விடியலில் போய் நின்றுவிட்டு வந்துவிடுகிறேன்.

நான் என்ன செய்யட்டும்? சொல்லு.

தைலம்மாள்

*

22-9-87

அக்கா,

ராதிகா என் மகள். நான் பெற்றேன். உன் மகள் இல்லை.

அதனால் நீ கொடுக்கலாம். கடிதம் கிடைத்ததும் இலையைப் பறி. ரோடு திறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

பச்சையம்மாள்

*

வடக்கனந்தல்
2-10-87

பச்சையம்மாளுக்கு,

இங்கே சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ எழுதியபடி செய்தேன். வேடியப்பன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். "படிச்சிட்டீங்களா? பறிக்கப் போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பாவம், மூன்று தடவை மலை ஏறி இறங்கியிருக்கிறான்.

மூன்று நாள் விடியலில் கொடுத்தேன். முதல் நாள் குடித்துவிட்டு, "இன்னாம்மா, ஊருக்கெல்லாம் குடுக்கிற மருந்தா? எனக்கு வேணாம்னியே" என்று கேட்டாள். டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பெற்றவள் கை பலிக்காது என்கிற சேதி அவளுக்கும் தெரியும். இலை வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள்தானே.

மூன்றாம் நாள் பசிக்கிறது என்றாள். ஐந்தாம் நாள் கண் வெளுத்தது. பத்தாம் நாளான இன்றைக்கு எழுந்து நடக்கிறாள். கண் வெளுத்துவிட்டதே என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை.

பலித்துவிட்டது பச்சை. என் ஆயுசில் எத்தனையோ பேருக்குப் பலித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சாமிக்குச் சூடம் ஏற்றுவேன். இந்தத் தடவை ஏற்றவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாளே என்று சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

பஸ் ஓடுகிறது. மாமாவும் வந்துவிட்டார், தாடியோடு. உன் வீட்டுக்காரரை அனுப்பு. துணிமணி, புத்தகம், எண்ணெய் எல்லாம் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். நீயாகக் கேட்டபோது கொடுக்காதவள், இப்போது நானே அனுப்புகிறேன். உன் பெண்ணை நீயே வைத்துக்கொள்.

தைலம்மாள்

*

வடக்கனந்தல்
16-11-87

அன்புள்ள தங்கைக்கு, அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறாயா, பிள்ளை எப்படி இருக்கிறாள்?

ராதிகா போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. மூன்று கடிதம் போட்டேன். இது நாலாவது. தீபாவளிக்கு ராதிகாவுக்குப் பாவாடை தாவணி எடுத்து பார்சல் போட்டேன். வந்ததா இல்லையா என்று ஒரு கார்டு போடக்கூடவா கை வரவில்லை? பெண்ணை வாங்கிக்கொண்டதும் அக்கா வேண்டாதவளாகிவிட்டாளா?

ஆமாம், ஏழு நாள் இலை கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்து நினைத்து நீ என் மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாய். கடி. ஆனால் அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது. யார் தலை வாரிவிடுகிறார்கள்? நீதான் கட்டிலில் கிடக்கிறாயே.

இலை கொடுப்பதை நிறுத்திவிட்டேன். வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுகிறேன். மாமா திட்டுகிறார். எனக்கு வரப்புப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

தைலம்மாள்

*

கல்வராயன் மலை
6-12-87

அன்புள்ள அக்காவுக்கு, பச்சையம்மாள் எழுதுவது. எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ஒன்பது நாள் ஆகிறது. இருவரும் சுகம். ராதிகாவும் சுகம். முதலில் இதை எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

உன் கடிதம் நாலும் வந்தன. பார்சலும் வந்தது. தாவணியைப் பிரித்து வைத்துக்கொண்டு ராதிகா பதில் எழுத உட்கார்ந்தாள். நான்தான் பேனாவைப் பிடுங்கிவிட்டேன். "எங்க அக்காவுக்கு எதுவும் எழுதக்கூடாது" என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். உன்மேல் கோபத்தில் இல்லை. ஏழு நாள் கோபம் எனக்கு என்றைக்கோ போய்விட்டது.

அவள் இங்கே வந்து எட்டாம் நாள் மறுபடியும் வாந்தி. கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். முன்னைவிட ஜாஸ்தி. ஜீப் பிடித்துக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு நாள் படுக்கையில் வைத்து ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். தீபாவளியும் அங்கேதான். கட்டிலில் கிடக்க வேண்டிய நானும் பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். டாக்டர் அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "மொத தடவையே குணமாகலம்மா, மேலுக்கு அடங்கியிருந்திருக்கு, அவ்ளோதான்" என்றார்.

உன் வீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரி ஒரு பஸ் தூரம். நான் ஆள் அனுப்பவில்லை. ராதிகா காய்ச்சலில் "அம்மா, அம்மா" என்று அனற்றினாள். நான் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க இல்ல மலையம்மா" என்றாள். அப்போதும் ஆள் அனுப்பவில்லை. அவ்வளவு பொறாமை எனக்கு. நர்ஸ் கேட்டார்கள், "யாரைங்க கூப்புடுது இந்தப் பொண்ணு?" என்று. யாரையும் இல்லை என்று சொன்னேன்.

நீ எழுதியிருந்தாயே, பலித்துவிட்டது, உன் பெண்ணை வைத்துக்கொள் என்று. அந்தக் கடிதத்தை நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? எனக்கு அது பத்திரம் மாதிரி இருந்தது. பலிக்கவில்லை என்று உனக்கு எழுதினால் அந்தப் பத்திரத்தை நானே கிழித்த மாதிரி. அதனால்தான் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ அங்கே இலையைத் தொடாமல், வரப்புக்குப் போகாமல் கிடக்கிறாய் என்று எழுதியபிறகும் இருபது நாள் மூடிக்கொண்டிருந்தேன்.

குழந்தை பிறந்த அன்றைக்கு ராதிகா வந்து எட்டிப் பார்த்தாள். "இதுக்கு நீங்கதான் அம்மா, இல்ல?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப எங்கம்மாவுக்கு இன்னைக்காவது எழுதட்டுமா?" என்றாள். நானே எழுதுகிறேன் என்று சொல்லி இப்போது எழுதுகிறேன்.

ஊரில் யாருக்கும் சொல்லமாட்டேன், உன் கைக்குக் கெட்ட பேர் வராது. உனக்கு மட்டும் சொல்கிறேன். ஊரெல்லாம் பலித்த உன் கை ராதிகாவுக்குப் பலிக்கவில்லை அக்கா.

அரையாண்டுப் பரீட்சை முடிகிற அன்றைக்கு மதியம் உன் பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். போய் நின்று இறக்கிக்கொள்.

உன் தங்கை,
பச்சையம்மாள்